மண்வெட்டி எந்த நாட்டது?

பெரும்போகத்து மழை விழுவதற்கு முன்னரே சாகாமக் குளத்தை அண்டிய வயற்கண்டங்களில் வரம்பு கட்டுதலும் வாய்க்கால் துப்புரவு செய்தலும் தொடங்கிவிடும். இவ்வேலைகளுக்கு முதற்றுணை மண்வெட்டியே. பழைய மண்வெட்டியின் அலகு தேய்ந்துவிட்டால், வேளாண்மை செய்பவர் அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ சென்று புதியதொன்றை வாங்குகிறார். அலகைச் சுண்டி ஓசையைக் கேட்கிறார், பிடி செருகும் துளையைப் பார்க்கிறார், விலையைப் பேசுகிறார். அலகின்மேல் வணிக முத்திரையொன்று பொறிக்கப்பட்டிருக்கும். அதனுடன் ஒரு நாட்டின் பெயரும் காணப்படும். முத்திரையைப் பார்ப்பவர் பலர். நாட்டின் பெயரைப் பார்ப்பவர் சிலர். அலகில் எழுதப்படாத இலக்கம் ஒன்றும் அந்த மண்வெட்டிக்கு உண்டு. அது கொழும்புத் துறைமுகத்திற் சுங்கப் பத்திரத்தில் எழுதப்பட்ட இலக்கம். கண்ணுக்குத் தெரியும் நாட்டின் பெயரும், கண்ணுக்குத் தெரியாத அந்த இலக்கமும் சேர்ந்து, வாங்குபவர் கொடுக்கும் விலையில் ஒரு பங்கையும் அவர் பொருளின்மேல் வைக்கும் நம்பிக்கையிற் பெரும்பங்கையும் தீர்மானிக்கின்றன.

பிற நாட்டிலிருந்து ஒரு பொருள் வந்து இறங்கும்போது சுங்க அதிகாரி கேட்கும் கேள்விகள் பல. அவற்றுள் அடிப்படையானவை இரண்டு. இஃது என்ன பொருள் என்பது ஒன்று. இஃது எங்கே பிறந்த பொருள் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை காண்பதை வகைப்படுத்தல் என்பர். இரண்டாவதற்கு விடை காண்பதைப் பிறப்பிடம் நிர்ணயித்தல் என்பர். இரண்டும் எளிய கேள்விகள் போலத் தோன்றும். ஆயினும் உலக நாடுகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்விரண்டைப் பற்றியே வழக்காடியும் உடன்படிக்கை செய்தும் வந்துள்ளன.

சுங்கம் தமிழருக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதிப் பொருள்களின்மீதும் இறக்குமதிப் பொருள்களின்மீதும் சோழரின் புலி முத்திரையைப் பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. 1070 ஆம் ஆண்டில் அரசேறிய முதலாங் குலோத்துங்கன் "சுங்கந் தவிர்த்த சோழன்" என்ற சிறப்புப் பெயரைப் பெற்றான். அக்காலத்து முத்திரை, பொருள் அரசின் காவலுக்கும் கணக்கிற்கும் உட்பட்டது என்பதை உணர்த்திற்று. அப்பொருள் எந்த நாட்டிற் செய்யப்பட்டது என்பதை அஃது உணர்த்தவில்லை. பிறந்த நாட்டைப் பொருளின்மேலே எழுத வேண்டும் என்ற எண்ணம் பிற்காலத்தது. இயந்திரத் தொழிலும் கப்பல் வணிகமும் பெருகிய காலத்தது. இலங்கையின் சுங்க நிருவாகத்துக்கு அடிப்படையாய் அமைந்த சுங்கக் கட்டளைச் சட்டமும் அத்தகைய காலத்திலேயே, 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டமாக, இயற்றப்பட்டது.

முதலில் வகைப்படுத்தலை நோக்குவோர்க்குப் பெயர்களின் குழப்பமே கண்ணிற்படும். மண்ணை வெட்டுவதால் மண்வெட்டி எனப்பட்ட கருவி, பேச்சில் மம்பட்டி ஆயிற்று. அதனைக் கேட்ட ஆங்கிலேயர் "மமோட்டி" என்று தம் மொழியிலும் எழுதிக்கொண்டனர். 1886 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் என்னும் ஆங்கில-இந்தியச் சொல்லகராதியில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. வடஇந்தியாவில் இதற்கு வேறு பெயர். ஆபிரிக்காவில் வேறு பெயர். பாரம் கிளப்பவும் குழி தோண்டவும் பயன்படும் அலவாங்கு என்ற சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. ஒரு பொருளுக்கு நூறு பெயர். ஒரு பெயருக்கு நூறு பொருள். ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பட்டியலை வைத்து வரி விதித்தால், ஒரு துறைமுகத்தில் தோட்டக் கருவியாய் இருப்பது மறு துறைமுகத்தில் இரும்புச் சாமானாய் மாறிவிடும். வணிகருக்கு வரி முன்னதாகத் தெரியாது. அரசுகளுக்குக் கணக்கு ஒவ்வாது.

இக்குழப்பத்தை நீக்கும்பொருட்டே 1983 ஆம் ஆண்டு யூன் 14 ஆந் திகதி பிரசெல்சு நகரில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. அது 1988 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி அமைந்ததே இசைவுபடுத்தப்பட்ட பண்டக் குறியீட்டு முறை. வணிகர்கள் இதனை "எச். எஸ். இலக்கம்" என்றே வழங்குவர். உயிருள்ள விலங்கு முதற்கொண்டு ஓவியம் வரையில் உலக வணிகத்தில் இடம்பெறும் பொருள்கள் யாவும் இதில் 21 பிரிவுகளாகவும், 97 வரை எண்ணிடப்பட்ட அத்தியாயங்களாகவும் வகுக்கப்பட்டுள்ளன. முதலிரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தைக் குறிக்கும்; நான்கு இலக்கங்கள் தலைப்பைக் குறிக்கும்; ஆறு இலக்கங்கள் உபதலைப்பைக் குறிக்கும். இந்த ஆறு இலக்கங்கள் உலகெங்கும் ஒன்றே. அதற்கு மேலும் பிரித்துக்கொள்ள ஒவ்வொரு நாட்டிற்கும் உரிமையுண்டு. இலங்கை எட்டு இலக்கங்களைப் பயன்படுத்துகிறது.

சாதாரண உலோகத்தாலான கருவிகளுக்கு உரியது 82 ஆம் அத்தியாயம். ஒரு வேளாண்மைக் குடும்பத்தின் வீட்டுக் கோடியிற் சாத்தி வைத்திருக்கும் ஆயுதங்களை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தால் இம்முறையின் போக்கு விளங்கும். வயலுக்கும் தோட்டத்துக்கும் காட்டுக்கும் உரிய கைக்கருவிகள் 8201 என்ற தலைப்பில் அடங்கும். தட்டையான அலகு பிடியின் நேர்கோட்டில் அமைந்த சவள் 8201.10 என்ற உபதலைப்பைச் சேரும். மண்வெட்டியின் அலகோ பிடிக்குக் குறுக்காக அமைந்தது. அதனை உடலை நோக்கி இழுத்து வெட்டுவர். ஆகவே அது பிக்காசோடும் களைகொத்தியோடும் சேர்ந்து 8201.30 இல் அமைகிறது. கோடரி 8201.40 ஐச் சேரும். கதிர் அறுக்கும் தாக்கத்தி 8201.90 ஐச் சேரும். வைக்கோல் வாரும் கவர்முள்ளுக்கு முன்னர் 8201.20 என்ற தனியிடம் இருந்தது. 2012 ஆம் ஆண்டின் திருத்தத்தில் அவ்விடம் நீக்கப்பட்டு, அதுவும் 8201.90 க்குள் வந்தது. இப்பட்டியல் கல்லில் வெட்டியதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுவது.

இனி, பார்ப்பவர் எதிர்பாராத சில பிரிவுகளும் உள. அலவாங்கினால் வேலிக் கட்டைக்குக் குழி தோண்டுவர். ஆயினும் அது வேளாண்மைக்கே உரிய கருவியன்று. ஆகவே அது சுத்தியலும் உளியும் அடங்கும் 8205 என்ற தலைப்புக்குப் போகிறது. கத்தி என்ற ஒரே சொல்லைத் தமிழர் பலவற்றுக்கும் வழங்குகின்றனர். காடு வெட்டும் கத்தி கோடரியின் இனத்தைச் சேர்ந்து 8201.40 இல் நிற்கும். கறி அரியும் கத்தியோ 8211 என்ற வேறு தலைப்பிற்கு உரியது. கைவாள் 8202, குறடும் அரமும் 8203, திருகுசாவி 8204. மரத்தாற் செய்த கொட்டாப்புளி கைக்கருவியே எனினும், மரப் பொருள்களுக்குரிய 44 ஆம் அத்தியாயத்தில் 4417 என்ற தலைப்பைச் சேரும். மின்சாரத் துளைகருவியைக் கையிற் பிடித்தே வேலை செய்தாலும், அதனுள் மோட்டார் இருப்பதால் அது 84 ஆம் அத்தியாயத்துக்குச் செல்கிறது. அதன் நுனியிற் பூட்டும் துளையூசி மட்டும் 8207 ஆக 82 ஆம் அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறது.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் ஒரு நியதி புலனாகும். கடைக்காரர் இட்ட பெயரைக் கொண்டோ, பெட்டியின்மேல் ஒட்டிய படத்தைக் கொண்டோ பொருள் வகைப்படுத்தப்படுவதில்லை. அது எதனால் ஆயது, எவ்வடிவினது, எத்தொழிலுக்கு உரியது என்பனவே கேள்விகள். பட்டியலுக்கு முன்னே ஆறு பொது விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, முற்றுப்பெறாத பொருளாயினும் முற்றுப்பெற்றதன் அடிப்படை இயல்பை அடைந்துவிட்டால், அதனை முற்றுப்பெற்ற பொருளாகவே கொள்ள வேண்டும் என்கிறது. கருவிகளின் உலோக உறுப்புக்கள் அந்தந்தக் கருவியோடே சேர்த்து வகைப்படுத்தப்பட வேண்டும் என்று 82 ஆம் அத்தியாயத்தின் குறிப்பொன்றும் கூறுகின்றது. ஆகவே பிடியில்லாத மண்வெட்டி அலகும் சுங்கத்தின் கண்ணில் மண்வெட்டியே. மரப்பிடி மட்டும் தனித்து வருமாயின் அது 4417 ஐச் சேரும்.

இந்தச் சிறு விதியில் பெரிய நியாயம் அடங்கியுள்ளது. அடித்து, வளைத்து, துளையிட்டு, தோய்ச்சல் கொடுத்து முடித்த அலகு ஒன்றை "இரும்புத் தகடு" என்று எழுதி, மூலப்பொருளுக்குரிய குறைந்த வரியைக் கட்டிவிட்டு, ஒருவர் அதனை உள்ளே கொண்டுவர முனையலாம். அவர் வெற்றி பெற்றால் நட்டம் அரசுக்கு மட்டுமன்று. உண்மையை எழுதி முழு வரியையும் கட்டிய வணிகர் அவரோடு விலையிற் போட்டியிட முடியாது. தகட்டை வாங்கி உள்நாட்டிலேயே கருவி செய்பவரும் போட்டியிட முடியாது. பொய்யான இலக்கம் முதலில் மெய்யான வணிகரின் கடையை மூடுகிறது. பின்னர் உள்ளூர்த் தொழிலாளியின் உலையை அணைக்கிறது. வரி வீதங்கள் வர்த்தமானி அறிவித்தல்களால் அடிக்கடி மாறுவன. ஆனால் இந்நியாயம் மாறாதது.

இரண்டாவது கேள்வி பிறப்பிடம் பற்றியது. ஒரு கருவி எந்த நாட்டது என்பதை ஏன் அறிய வேண்டும்? சில நாடுகளோடு செய்துகொண்ட உடன்படிக்கையினால் அந்நாட்டுப் பொருளுக்கு வரிச்சலுகை கிடைக்கலாம். வேறொரு நாட்டுப் பொருள் நியாயமற்ற மலிவு விலையிற் கொண்டுவந்து குவிக்கப்படுவதாகக் காணப்பட்டால் அதன்மேல் தனிவரி விதிக்கப்படலாம். சீனாவிலிருந்து வந்த கனமான கைக்கருவிகளின்மேல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1991 ஆம் ஆண்டில் அத்தகைய வரியை விதித்தன. சுத்தியல் வகை, அலவாங்கு வகை, பிக்காசு வகை, கோடரி வகை என நான்கிற்கும் தனித்தனி ஆணைகள் பிறந்தன. இவை அரசுகளின் காரணங்கள். வாங்குபவருக்கும் ஒரு காரணம் உண்டு. இரும்பின் தரம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு போகம் வேலை செய்த பின்னரே தெரியும். அதுவரை அவர் நம்புவது அலகின்மேல் உள்ள எழுத்தை மட்டுமே.

அவ்வெழுத்தின் வரலாறு இங்கிலாந்தின் செபீல்டு நகரிலிருந்து தொடங்குகிறது. கத்திக்கும் கருவிக்கும் பெயர்பெற்ற அந்நகரின் கைவினைஞர்கள் 1624 ஆம் ஆண்டிலேயே சட்டப்படி அமைந்த சங்கம் ஒன்றினை உடையவராய் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியின் சோலிங்கன் முதலிய நகரங்களிற் செய்யப்பட்ட மலிவான கத்திகள் செபீல்டின் பெயர் தாங்கிச் சந்தைக்கு வந்தன. செபீல்டுத் தொழிலாளர் முறையிட்டனர். அதன் பயனாக 1887 ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் வணிகப் பொருட் குறிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. பிரித்தானியப் பொருளென மயங்கச் செய்யும் பெயரோ குறியோ தாங்கிவரும் பிறநாட்டுப் பொருள், தான் செய்யப்பட்ட நாட்டையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டே, அதாவது 1888 இல், இலங்கையிலும் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகப் பொருட்குறிச் சட்டம் இயற்றப்பட்டது.

இச்சட்டத்தின் விளைவு, செய்தவர் எண்ணியதற்கு மாறாக முடிந்தது. "ஜேர்மனியிற் செய்யப்பட்டது" என்ற சொற்றொடர் இழிவைக் குறிக்கும் அடையாளமாக இருக்கும் என ஆங்கிலேயர் கருதினர். ஜேர்மானியரோ தம் பெயர் வெளிப்பட்ட பின்னர் அதற்கு இழுக்கு வராதவாறு பொருளின் தரத்தை உயர்த்தினர். சில தலைமுறைகளுக்குள் அச்சொற்றொடரே உறுதிக்கு நற்சாட்சியாயிற்று. பிறருடைய பெயரை இரவல் வாங்கியவர்கள் என்று பழிக்கப்பட்ட சோலிங்கன் நகரத்தார், 1938 ஆம் ஆண்டில் தம் நகரின் பெயரைப் பிறர் இரவல் வாங்காதவாறு சட்டப் பாதுகாப்புப் பெற்றனர். மெய்யான பெயரை எழுதும்படி கட்டாயப்படுத்தப்பட்டவனே அதனால் நன்மை அடைந்தான் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆயினும் ஒரே நாட்டிலேயே தொடக்கம் முதல் முடிவு வரை செய்யப்படும் பொருள்கள் இன்று குறைவு. ஒரு நாட்டிற் கனி தோண்டி, மறுநாட்டில் உருக்கி, மூன்றாம் நாட்டில் அடித்து, நான்காம் நாட்டிற் பிடியிட்டு, ஐந்தாம் நாட்டிற் பெட்டியில் அடைத்தால், அக்கருவி எந்த நாட்டது? சட்டம் இதற்குக் கூறும் விடை, பொருள் கடைசியாக எங்கே சாரமான மாற்றத்தை அடைந்ததோ அதுவே அதன் பிறப்பிடம் என்பதாகும்.

சாரமான மாற்றம் என்பதை விளக்கக் கல்முனைக்கு அண்மையிலேயே நல்லுதாரணம் உண்டு. மருதமுனையின் கைத்தறிச் சாரங்கள் நாடறிந்தவை. அவற்றுக்கான நூல் பிற நாட்டிலிருந்து வந்ததாயினும் சாரம் மருதமுனைச் சாரமே. "நூலைப்போலச் சேலை" என்பது பழமொழி. பிறப்பிடச் சட்டமோ நூலை விட்டுத் தறியை நோக்குகின்றது. பருத்தி நூல் 5205 என்ற தலைப்பில் இருந்தது. நெய்த பின்னர் 5208 ஆகிய துணியின் தலைப்புக்கு மாறிவிட்டது. ஆனால் வேறு நாட்டில் நெய்துவந்த சாரத்தின் ஓரத்தை மடித்துத் தைத்து, மருதமுனை என்று ஒட்டுச்சீட்டு ஒட்டினால், அது மருதமுனைச் சாரம் ஆகாது. அங்கே தறி அசையவில்லை. திருகோணமலை ஆலையில் இறக்குமதிக் கோதுமை மாவாகும்போது 1001 என்ற தலைப்பு 1101 ஆக மாறுகிறது. நெல்லைக் குற்றி அரிசியாக்கினால் 1006 என்ற தலைப்பு மாறுவதில்லை. தலைப்பு மாறுகின்றதா என்று பார்ப்பது, மாற்றம் சாரமானதா என்பதை அளக்கும் கோல்களுள் ஒன்று. வகைப்படுத்தலும் பிறப்பிடமும் இவ்விடத்திற் கைகோத்துக்கொள்கின்றன.

கைக்கருவிகளைப் பற்றியே இவ்வினா ஒருமுறை நீதிமன்றம் ஏறியது. அமெரிக்க நிறுவனமொன்று, வாகனம் திருத்துவோர் பயன்படுத்தும் திருகுசாவிகளின் உறுப்புக்களைத் தைவானில் அடித்து உருவாக்கச் செய்து இறக்குமதி செய்தது. அமெரிக்காவில் அவற்றுக்கு வெப்பமூட்டித் தோய்ச்சல் கொடுத்து, துப்புரவு செய்து, மின்முலாம் பூசி, ஒன்றோடொன்று பொருத்தியது. இத்தனை வேலையும் அமெரிக்காவில் நடந்தமையால் தைவானின் பெயரை ஒவ்வோர் உறுப்பிலும் பொறிக்கத் தேவையில்லை என்று நிறுவனம் வாதிட்டது. 1992 ஆம் ஆண்டில் அந்நாட்டு அனைத்துலக வணிக நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. பெயர் மாறியதா, இயல்பு மாறியதா, பயன் மாறியதா என்ற மூன்று வினாக்களை அது எழுப்பிற்று. உறுப்புக்கள் இறுதி வடிவத்தோடே வந்திறங்கின. அவற்றின் பெயரும் பயனும் முன்னரே முடிவாகியிருந்தன. மேற்செய்த வேலைகள் அவற்றைப் புதுப்பொருள் ஆக்கவில்லை என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டு மேன்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது.

இத்தீர்ப்பின் நியாயத்தை ஊர்க் கம்மாலையில் நின்று பார்த்தால் மேலும் தெளிவாகும். பழைய பாரவூர்தி ஒன்றின் வில்லுத்தகட்டைக் கொல்லர் வாங்குகிறார். அவ்வூர்தி யப்பானிற் செய்யப்பட்டதாக இருக்கலாம். அவர் தகட்டை உலையிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நீட்டி, வளைத்து, நீரில் தோய்த்து, கூர் தீட்டித் தாக்கத்தி ஆக்குகிறார். வண்டியைத் தாங்கிய இரும்பு கதிரை அறுக்கும் கருவியாயிற்று. பெயர் மாறிற்று, இயல்பு மாறிற்று, பயனும் மாறிற்று. இந்தத் தாக்கத்தி இலங்கையிற் பிறந்தது என்பதில் எவருக்கும் ஐயம் வேண்டியதில்லை. அதே தெருவில் இன்னொருவர் வெளிநாட்டிலிருந்து வந்த முடிந்த அலகொன்றுக்குக் காட்டுமரப் பிடியைச் செருகி, வண்ணம் பூசி விற்கிறார். அப்பிடி இவ்வூரது, மண்வெட்டி இவ்வூரதன்று. பிடியைச் செருகியதால் மண்வெட்டிக்குத் தாய்நாடு மாறிவிடாது.

வரிச்சலுகை பெறுவதற்கான விதி இதனினும் நுட்பமானது. இந்திய-இலங்கைச் சுதந்திர வணிக உடன்படிக்கை 1998 ஆம் ஆண்டு திசம்பர் 28 ஆந் திகதி கைச்சாத்தாகி, 2000 ஆம் ஆண்டு மார்ச்சு முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பஞ்சாபின் ஜலந்தர் போன்ற நகரங்கள் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. அங்கிருந்து வரும் கருவியொன்று இவ்வுடன்படிக்கைப்படி சலுகை பெறவேண்டுமாயின் பொதுவாக இரு நிபந்தனைகள் உள. பொருளின் கப்பலேற்று விலையில் நூற்றுக்கு 35 பங்கேனும் அந்நாட்டிற் சேர்ந்த பெறுமதியாய் இருக்கவேண்டும். அன்றியும், பிறநாட்டு மூலப்பொருளின் நான்கிலக்கத் தலைப்பு, செய்து முடித்த பொருளின் தலைப்பினின்றும் வேறுபட வேண்டும்.

இரு நிபந்தனைகள் எதற்கு என்பதை ஒரு கணக்கினால் அறியலாம். மூன்றாம் நாடொன்றிலிருந்து 600 ரூபாவுக்கு ஓர் அலகை ஒருவர் வாங்குவதாகக் கொள்க. அதற்குப் பிடியிட்டு, வண்ணம் பூசி, பெட்டியில் அடைத்து, இலாபமும் சேர்த்து 1,000 ரூபாவுக்குக் கப்பலேற்றுகிறார். சேர்ந்த பெறுமதி 400 ரூபா; அஃதாவது நூற்றுக்கு 40. முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆயினும் வந்த அலகும் 8201. சென்ற மண்வெட்டியும் 8201. தலைப்பு மாறவில்லை, ஆதலால் சலுகை இல்லை. இனி, 600 ரூபாவுக்கு உருக்குத் தகடு வாங்கி, வெட்டி அடித்து, அதே விலைக்கு மண்வெட்டியாய் அனுப்பியிருந்தால், தகடு 72 ஆம் அத்தியாயத்திலிருந்து 82 ஆம் அத்தியாயத்துக்கு வந்திருக்கும், சலுகையும் கிடைத்திருக்கும். விலையை ஏற்றிக் காட்டுவது எளிது. இரும்பை உருமாற்றுவது உழைப்பு. இரண்டாம் நிபந்தனை அவ்வுழைப்பையே தேடுகிறது.

மக்களிடையே நிலவும் ஒரு மயக்கத்தையும் இங்கே நீக்குதல் நன்று. கப்பல் புறப்பட்ட துறைமுகம் பொருளின் பிறப்பிடம் ஆகாது. சிங்கப்பூரிலோ துபாயிலோ கப்பல் மாறி வந்த கருவி அந்நாட்டதாகிவிடாது. அக்கரைப்பற்றில் விளைந்த நெல்லைக் கல்முனைச் சந்தையில் விற்பதனால் அது கல்முனையில் விளைந்த நெல்லாகுமா? ஆகவேதான் சலுகை கோரும் பொருளோடு பிறப்பிடச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. இந்திய-இலங்கை உடன்படிக்கையின்கீழ் இலங்கைப் பொருளுக்கு அதனை வழங்குவது வணிகத் திணைக்களம். இந்தியப் பொருளுக்கு வழங்குவது ஏற்றுமதிப் பரிசோதனைச் சபை. ஒரு நாட்டிற் செய்யப்பட்டது என்று பொறிக்கத் தகுதியான பொருளும், உடன்படிக்கை கேட்கும் அளவை எட்டாவிடின், சலுகை பெறாது போகலாம். குறி வேறு, சலுகை வேறு என்பதை வணிகர்கள் மறத்தலாகாது.

இவையெல்லாம் வெளிநாட்டாரைக் கட்டுப்படுத்தும் விதிகள் என்று மட்டும் எண்ணுவது பிழை. இலங்கையே தன் பெயரைக் காக்கப் போராடி வரும் நாடு. இலங்கைத் தேயிலையின் சிங்க இலச்சினை, முழுவதும் இலங்கைத் தேயிலையாய் இருந்து, இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டதற்கு மட்டுமே உரியது. இலங்கைக் கறுவாவின் பெயருக்கு 2022 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பை அளித்தது. வேறெங்கோ விளைந்த பட்டையை இலங்கைக் கறுவா என்று விற்றால், கறுவாத் தோட்டத்தில் பட்டை உரிக்கும் தொழிலாளியின் கூலி குறைகிறது. செபீல்டுக் கைவினைஞரின் முறையீட்டுக்கும் இதற்கும் வேறுபாடில்லை. தன் கறுவாவுக்கு மெய்யான பெயரை வேண்டும் நாடு, தன் சந்தைக்கு வரும் மண்வெட்டிக்கும் மெய்யான பெயரை வேண்டுதல் முறையே.

வாங்குவோர் செய்யத்தக்கவை சில உள. முத்திரையோடு நில்லாது நாட்டின் பெயரையும் வாசித்தல் வேண்டும். முத்திரை ஒரு நாட்டாருடையதாயிருக்க, செய்தது வேறொரு நாட்டிலாயிருத்தல் இன்று சாதாரணம். அது குற்றமன்று, மறைப்பதே குற்றம். பெயர் அலகிற் பொறிக்கப்பட்டுள்ளதா, எளிதிற் கிழியும் தாளில் ஒட்டப்பட்டுள்ளதா என்று நோக்க வேண்டும். அலகில் ஒரு நாடும் பெட்டியில் இன்னொரு நாடும் எழுதப்பட்டிருந்தால் விற்பவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். பொய்யான விபரம் காட்டி விற்கப்பட்டால் முறையிடுவதற்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை உண்டு. வணிகர்களும் பெட்டியை இறக்கிய பின்னர் இலக்கத்தைத் தேடாது, பொருளைத் தருவிக்க எழுதும்போதே அதன் வகையையும் பிறப்பிடத்தையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுதல் நலம்.

நாள் முழுவதும் வெயிலிற் குனிந்து நின்று வரம்பு கட்டும் கூலியாள், தன் கையில் உள்ள மண்வெட்டியின் இலக்கம் 8201.30 என்பதை அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்விலக்கத்தை எழுதியவர் மெய்யை எழுதினார் என்பதிலும், அலகிற் பொறித்த நாடு மெய்யாகவே அதனை அடித்த நாடு என்பதிலும் அவருக்கு உரிமை உண்டு. அவர் அந்தக் கருவிக்குக் கொடுத்தது ஒரு நாட் கூலியோ இரு நாட் கூலியோ ஆகும். மெய்யான உழைப்பாற் கிடைத்த அந்தப் பணத்துக்குப் பொய்யான பெயரைக் கொடுத்தல் எந்நாட்டுச் சட்டத்திலும் நியாயமாகாது.